கல்லூரி குவார்ட்டர்பேக் என்எஃப்எல்லில் தேறுவாரா? கழித்துப் பார்த்து எடைபோடும் முறை

2018 ஏப்ரல் 26 இரவு, டெக்சஸ் மாநிலத்தின் ஆர்லிங்டனில், அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீகான என்எஃப்எல்லின் டிராஃப்ட் நடந்தது; அணிகள் கல்லூரி வீரர்களை முறைவைத்து எடுக்கும் நிகழ்வு அது. முதல் சுற்றில் ஐந்து குவார்ட்டர்பேக்குகள், அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்கள், எடுக்கப்பட்டார்கள். பேக்கர் மேஃபீல்ட் முதல் ஆளாக, சாம் டார்னல்ட் மூன்றாவதாக, ஜாஷ் ஆலன் ஏழாவதாக, ஜாஷ் ரோசன் பத்தாவதாக, லமார் ஜாக்சன் 32ஆவதாக, அதாவது சுற்றின் கடைசி ஆளாக. ஐவரில் எறியும் நுட்பம் நன்றாகக் கைவந்தவர் ரோசன்தான் என்று அன்று பலரும் சொன்னார்கள். அவரை எடுத்த அரிசோனா, அடுத்த ஆண்டே முதல் தேர்வில் கைலர் மரே என்ற இன்னொரு குவார்ட்டர்பேக்கை எடுத்துவிட்டு ரோசனை மயாமிக்குத் தள்ளிவிட்டது. குறி தவறுகிறவர் என்று கேலி செய்யப்பட்ட ஆலன் 2024 சீசனின் எம்விபி, அதாவது மிகச் சிறந்த ஆட்டக்காரர். 'பேசாமல் ரிசீவராக (எறியும் பந்தைப் பிடிப்பவராக) மாறிவிடட்டும்' என்று சிலர் உபதேசம் செய்த ஜாக்சன் 2019, 2023 என இரண்டு முறை எம்விபி.

இதைக் காட்டி 'எல்லாம் குருட்டு அதிர்ஷ்டம்' என்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. தவறாகப் போன கணிப்புகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் பெரும்பாலானவை ஒரே மாதிரித்தான் தவறியிருக்கின்றன. கல்லூரிச் சாதனை, விருது, உயரம், கைவலிமை என்று ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டிக்கொண்டே போய்ப் பெரிய மொத்தத்தைப் பார்த்து மயங்கியிருக்கிறார்கள். செய்ய வேண்டியது கழித்தல். கல்லூரியில் அவர் செய்தவற்றில் தொழில்முறை ஆட்டத்தில் கிடைக்கவே கிடைக்காத வசதிகளால் வந்தவை எவை என்று பார்த்து முதலில் தள்ளிவிட வேண்டும். மிஞ்சுவது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தைத்தான் எடைபோட வேண்டும்.

ரஞ்சிக் கோப்பையில் மட்டையடி ஆடுகளத்தில் குவித்த ரன்களை வைத்து ஒருவரை டெஸ்ட் அணிக்கு எடுப்பதில் என்ன சிக்கலோ, அதேதான் இங்கும்.

படி 1: இரண்டும் ஒரே ஆட்டம் அல்ல என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

பந்தும் களத்தின் அளவும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். ஆனால் சில விதிகள் குவார்ட்டர்பேக்கின் வேலையையே மாற்றிவிடுகின்றன.

களத்தின் நடுவே நெடுக ஓடும் இரண்டு ஹாஷ் கோடுகளுக்கு இடையே கல்லூரியில் 40 அடி இடைவெளி. என்எஃப்எல்லில் பதினெட்டரை அடி. ஒவ்வொரு ஸ்னாப்பும், அதாவது பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குவது, இந்தக் கோடுகளிலோ அவற்றுக்கு இடையிலோதான் நடக்கும். கல்லூரியில் பந்து ஓரத்துக்கு ஒதுங்கியிருக்கும்போது மறுபக்கம் பெரிய வெட்டவெளி கிடைக்கிறது. அந்த அகலத்தைக் காக்க முடியாமல் தடுப்பாளர்கள் பரந்து நிற்பார்கள், இடைவெளிகள் பெரிதாகும். என்எஃப்எல்லில் பந்து ஏறக்குறைய நடுவிலேயே இருப்பதால் அந்த வெட்டவெளி இல்லை.

அடுத்தது ஆர்பிஓ எனப்படும் ஆட்டம். ஓட்டமா, பாஸா என்பதைப் பந்து கைக்கு வந்தபிறகு ஒரே ஒரு தடுப்பாளரைப் பார்த்து முடிவுசெய்வது. இதில் எறிபவரின் அணியின் முன்வரிசை லைன்மேன்கள் ஓட்டத்துக்குத் தடுப்பதுபோலவே முன்னேறுவார்கள். பாஸ் பறப்பதற்குள் அவர்கள் கல்லூரியில் 3 யார்டு வரை முன்னே போகலாம். என்எஃப்எல்லில் 1 யார்டுதான். அந்த 2 யார்டு வித்தியாசத்தில் ஏமாந்துபோகிற லைன்பேக்கர்களால்தான் (எதிரணியின் முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் தடுப்பாளர்கள்) கல்லூரியில் பல பாஸ்கள் எளிதாகின்றன.

பெரிய வித்தியாசம் எதிரிகளின் தரம். கல்லூரியின் மேல்மட்டப் பிரிவில் 130க்கும் அதிகமான அணிகள். அவற்றின் தடுப்பாளர்களில் மிகச் சிலரே 32 என்எஃப்எல் அணிகளில் இடம்பிடிக்கிறார்கள். கல்லூரியில் 'ரிசீவர் காலியாக இருக்கிறார்' என்றால் சுற்றிலும் 4 யார்டுக்கு ஆளில்லை என்று பொருள். என்எஃப்எல்லில் தடுப்பாளர் தோளோடு தோள் உரசிக்கொண்டு வந்தாலும், பந்து விழும் பக்கத்தில் ஒரு கை அகலம் இருந்தால் அதற்குப் பெயரும் 'காலி'தான். இதைக் கண்ணால் பார்த்து ஏற்றுக்கொள்ளாத குவார்ட்டர்பேக் பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருப்பார். காத்திருந்தால் விழுவார்.

படி 2: எண்களைக் கழியுங்கள்

முதலில் ஒரு கணக்குப் பொறி. கல்லூரிப் புள்ளிவிவரத்தில் குவார்ட்டர்பேக் சாக் ஆகி (எறிவதற்குள் பிடித்துச் சாய்க்கப்பட்டு) இழக்கும் தூரத்தை அவருடைய ஓட்டக் கணக்கில் கழிப்பார்கள். என்எஃப்எல்லில் அது பாஸ் கணக்கில் தனியாக வரும். ஆகவே 'இவருக்கு ஓடவே வராது, மொத்த ஓட்டமே மைனஸ்' என்று யாராவது சொன்னால், அந்த ஆள் நன்றாக ஓடுபவராகவும் அடிக்கடி சாக் ஆகிறவராகவும் இருக்கக்கூடும். அதேபோல பாஸர் ரேட்டிங் சூத்திரமும் இரண்டு இடத்திலும் வேறு வேறு. என்எஃப்எல் சூத்திரத்தில் உச்சம் 158.3. கல்லூரிச் சூத்திரத்தில் 180, 200 எல்லாம் சாதாரணமாக வரும். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில் பயனில்லை.

இனிக் கழிக்க வேண்டியவை. ஸ்கிரீன் பாஸ்கள் முதலில். பந்து ஆட்டம் தொடங்கும் கோட்டுக்குப் பின்னாலேயே கைமாறி, ரிசீவர் 40 யார்டு ஓடினால் அந்த 40உம் எறிந்தவர் கணக்கில்தான் ஏறும். அடுத்து, முதல் பார்வையிலேயே பத்து யார்டு வெற்றிடத்தில் நிற்கும் ஆளுக்குப் போன பந்துகள். அடுத்து, 35 புள்ளி முன்னிலையில், நான்காம் கால்பகுதியில், பலவீனமான எதிரிக்கு எதிராக அடுக்கிய டச்டவுன்கள் (பந்தை எதிரியின் எல்லைக்கோட்டைத் தாண்டிக் கொண்டுசேர்ப்பது). இவை பொய் அல்ல. ஆனால் இவற்றிலிருந்து எதிர்காலம் பற்றி ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது.

பிரிகம் யங் பல்கலைக்கழகத்தின் ஸாக் வில்சன் 2020இல் 33 டச்டவுன், 3 இன்டர்செப்ஷன் (எதிரி பிடித்துக்கொண்ட பாஸ்) என்று ஆடினார். அது பெருந்தொற்று ஆண்டு. பெரிய எதிரிகளுடனான ஆட்டங்கள் ரத்தாகிப் பட்டியல் இளைத்துப்போயிருந்தது. அவருக்கு முன்னால் நின்ற லைன் எதிரிகளை நெருங்கவே விடவில்லை. நியூயார்க் ஜெட்ஸ் அவரை 2021இல் இரண்டாவது ஆளாக எடுத்தது. முதல் சீசனில் 9 டச்டவுன், 11 இன்டர்செப்ஷன். நெருக்கடியில் அவர் என்ன செய்வார் என்று காட்டும் ஸ்னாப்புகள் அந்த 2020 பதிவில் மிகக் குறைவு. அதைச் சாதகம் என்று எடுத்துக்கொண்டார்கள். நியாயமாக அது 'தெரியவில்லை' என்ற பத்தியில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

கழித்தல் இருபக்கமும் வெட்டும். பேட்ரிக் மஹோம்ஸ் ஆடிய டெக்சஸ் டெக் 2016இல் 5 வெற்றி, 7 தோல்வி. ஒக்லஹோமாவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 734 யார்டு எறிந்தும் 66-59 என்று தோற்றார்கள். அவர் அணியின் தடுப்பு அவ்வளவு ஓட்டை. அந்தத் தோல்விகளை அவர் தலையில் கட்டக் கூடாது. 'ஏர் ரெய்டு' பாணியின் உபயம் என்று 5,000 யார்டுகளை மொத்தமாகத் தள்ளிவிடவும் கூடாது. அவருக்கு முன்பு அந்த மாதிரிப் பரந்த பாஸ் பாணிகளிலிருந்து வந்த சிலர் என்எஃப்எல்லில் சோபிக்கவில்லை என்பதற்காக அந்தப் பாணிக்கே ஒரு கெட்ட பெயர் இருந்தது. பாணியைக் கழியுங்கள், ஆளைக் கழிக்காதீர்கள். அப்படிச் செய்திருந்தால் 2017இல் சிகாகோ, கல்லூரியில் 13 ஆட்டங்கள் மட்டுமே தொடக்க ஆட்டக்காரராக ஆடிய மிட்செல் ட்ரூபிஸ்கியை இரண்டாவதாக எடுத்து, மஹோம்ஸைப் பத்தாவது இடம்வரை விட்டிருக்காது.

கழித்தபின் மிஞ்சும் எண்களில் நான் மதிப்பது மூன்று. ஒன்று, எத்தனை ஆட்டம் தொடக்க ஆட்டக்காரராக ஆடியிருக்கிறார். டேவிட் லூயின் 2000களின் நடுவில் உருவாக்கிய ஒரு கணிப்பு முறை, முதல் இரண்டு சுற்றுகளில் போகும் குவார்ட்டர்பேக்குகளுக்கு இந்த எண்ணையும் பாஸ் வெற்றி விழுக்காட்டையும்தான் அடிப்படையாக வைத்தது. ஆட்ட எண்ணிக்கை ஏன் முக்கியம் என்றால், அதிகம் ஆடியவரிடம் மறைக்க ஒன்றும் இருக்காது. இருபது எதிர்ப் பயிற்சியாளர்கள் அவரை ஆராய்ந்து மடக்கப் பார்த்திருப்பார்கள். அவர் அதற்கு என்ன பதில் சொன்னார் என்பது பதிவில் இருக்கும். 14 ஆட்டம் மட்டும் ஆடிய கேம் நியூட்டன் ஜெயித்தார்தான். ஆனால் அந்த வரிசையில் ட்ரூபிஸ்கி, ட்ரே லான்ஸ், ஆண்டனி ரிச்சர்ட்சன் என்று பெயர்கள் நீளும்.

இரண்டு, நெருக்கடி வந்தபோது எத்தனை தடவை சாக்கில் முடிந்தது. சாக் என்றால் லைன்மேன்களின் குற்றம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். நெருக்கடி வருவதுதான் அவர்கள் குற்றம். அது சாக்கில் முடிவதில் பாதி எறிபவரின் குணம். இந்தக் குணம் கல்லூரியிலிருந்து கூடவே வருகிறது. தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் கேலப் வில்லியம்ஸ் பந்தை நெடுநேரம் வைத்துக்கொண்டு மாயாஜாலம் காட்டுவதை எல்லோரும் ரசித்தோம். சிகாகோவில் முதல் ஆண்டிலேயே 68 சாக். அணியின் குறைகளும் அதில் சேர்த்திதான் என்றாலும், பழக்கம் கல்லூரிப் பதிவிலேயே எழுதியிருந்தது.

மூன்று, பத்து யார்டு கடக்கக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் (டவுன்) மூன்றாவதில், இன்னும் 7 யார்டுக்கு மேல் தேவைப்படும்போது அவருடைய ஆட்டம். எதிரிக்கும் தெரியும், பாஸ்தான் வரப்போகிறது என்று. ஏமாற்று வித்தைகள் எடுபடாது. கல்லூரி ஆட்டம் என்எஃப்எல் ஆட்டத்தை மிக நெருங்கி வரும் இடம் அதுதான்.

படி 3: படத்தைப் போட்டுப் பாருங்கள்

இதுதான் முழு வேலையிலும் பெரும்பகுதி. சிறப்புக் காட்சித் தொகுப்புகளைத் தொடாதீர்கள். அவற்றில் எல்லாரும் மஹோம்ஸ்தான். ஒரு ஆட்டத்தின் ஒவ்வொரு ஸ்னாப்பையும் வெட்டித் தொகுத்த காணொளிகள் யூடியூபில் கிடைக்கும். 22 பேரும் தெரியும்படி உயரத்திலிருந்து எடுத்த ஆல்-22 படம் கிடைத்தால் உத்தமம். தொலைக்காட்சி ஒளிபரப்பில் ஸ்னாப் ஆனதும் பின்னால் நிற்கும் கடைசித் தடுப்பாளர்களான சேஃப்டிகள் திரைக்கு வெளியே போய்விடுவார்கள். எறிந்தது சரியான முடிவா என்று சொல்லவே முடியாது. ஆனாலும் ஒளிபரப்பு மட்டும்தான் இருக்கிறது என்றால் சோர்ந்துவிட வேண்டாம். கால்களையும் கண்களையும் பார்க்க அது போதும்.

எந்த ஆட்டங்கள்? அவருடைய அட்டவணையிலேயே மிகக் கடினமான இரண்டு தடுப்பு அணிகளுக்கு எதிரானவை, அவர் ஆடியவற்றிலேயே மோசமான ஒன்று, சாதாரணமான ஒன்று. சிறந்த ஆட்டத்தை வேண்டுமானால் கடைசியாகப் பாருங்கள், சும்மா சந்தோஷத்துக்கு.

ஒவ்வொரு பாஸ் ஸ்னாப்பையும் மூன்று முறை ஓட்டுங்கள்.

முதல் முறை, ஸ்னாப்புக்கு முன்னால் உள்ள விநாடிகளை மட்டும். அவர் தானாகத் தடுப்பு அமைப்பை வாசித்து எதையாவது மாற்றுகிறாரா? பந்தோடு ஓடும் ரன்னிங் பேக்கை இடம் மாற்றி நிறுத்துகிறாரா? அல்லது அணி மொத்தமும் ஓரத்தில் நிற்கும் பயிற்சியாளரைத் திரும்பிப் பார்த்து, அவர் காட்டும் அட்டையைப் பார்த்து மாற்றிக்கொள்கிறதா? பல கல்லூரி அணிகளில் இரண்டாவதுதான் நடக்கிறது. அது பையனின் குற்றமில்லை. ஆனால் அந்த வேலையை அவர் செய்ததே இல்லை என்று குறித்துக்கொள்ள வேண்டும். என்எஃப்எல்லில் (2024 முதல் கல்லூரி மேல்மட்டத்திலும்) ஹெல்மெட்டுக்குள் பயிற்சியாளரின் குரல் கேட்கும். கடிகாரத்தில் 15 விநாடி மிச்சமிருக்கும்போது அது அணைந்துவிடும். அதன்பிறகு எல்லாம் அவர் தலையில்தான்.

இரண்டாம் முறை, கால்கள். பின்னோக்கி எடுத்துவைக்கும் அடிகள் முடியும்போது பந்து கையைவிட்டுக் கிளம்புகிறதா, அல்லது நின்று ஒரு குதி குதித்து, யோசித்து, பிறகு எறிகிறாரா? பக்கவாட்டில் ஆள் நெருங்கும்போது ஓரடி முன்னேறி, லைன்மேன்கள் அரணாக நிற்கும் பாக்கெட்டுக்குள்ளேயே இடம்பிடிக்கிறாரா, அல்லது உடனே பின்வாங்கி வட்டமடிக்கிறாரா? பின்வாங்கி ஓடுவது கல்லூரியில் பலமுறை பலிக்கும். அங்குள்ள டிஃபென்சிவ் எண்ட்கள் (எதிரணி முன்வரிசையின் ஓரத்தில் நிற்பவர்கள்) அவரைவிட மெதுவானவர்கள். என்எஃப்எல்லில் 120 கிலோ எடையுள்ள ஆள் அவரைவிட வேகமாக ஓடிவருவார். முன்னேறி இடம்பிடிக்கத் தெரிந்தவர்களிடம் எனக்குத் தனிப் பாசம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன்.

மூன்றாம் முறை, கண்கள். ஹெல்மெட்டின் முகக் கம்பி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பாருங்கள். முதல் ரிசீவர் அடைபட்டிருந்தால் இரண்டாவது ஆளுக்குப் போகிறாரா? இரண்டாவது ஆளைப் பார்க்கும்போது கால்களும் கூடவே திரும்புகின்றனவா? முதல் ஆள் இல்லையென்றதும் தலையைக் குனிந்து ஓடத் தொடங்குகிறவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். சேஃப்டியை ஒரு பக்கம் பார்வையாலேயே இழுத்துவிட்டு மறுபக்கம் எறிகிறவர் கிடைத்தால் ஆட்டத்தின் பெயரைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அது சொல்லிக்கொடுத்தும் எல்லோருக்கும் வருவதில்லை.

இதோடு, எறிதலின் வகைகளில் நான்கைத் தனியே தேட வேண்டும். ரிசீவர் திரும்புவதற்கு முன்பே கிளம்பும் பந்து: இதுதான் 'காலி' என்பதற்கு என்எஃப்எல் தரும் அர்த்தத்தை அவர் புரிந்துகொண்டதற்கு அடையாளம். லைன்பேக்கர்களுக்குப் பின்னால், சேஃப்டிகளுக்கு முன்னால், களத்தின் நடுவில் 15 முதல் 20 யார்டுக்குள் விழும் பந்து. எதிர்ப் பக்க ஹாஷ் கோட்டிலிருந்து தூர ஓரத்துக்குப் போகும் பந்து. கல்லூரியின் அகலமான ஹாஷ் கோடுகளால் இது இன்னும் நீளமாகிறது, கையில் வலு இல்லாதவர் இங்கே மாட்டிக்கொள்வார். கடைசியாக, வேண்டுமென்றே வெளியே வீசியெறிந்த பந்து. அதற்குக் கைதட்டல் கிடைக்காது. தோல்வியில் முடியும் ஸ்னாப்பில் கூட இரண்டாவது டவுனைப் பத்திரமாக மூன்றாவது டவுனுக்குக் கொண்டுபோனவரை நான் நம்புவேன்.

இன்டர்செப்ஷனை மட்டும் எண்ணாதீர்கள். தடுப்பாளர் கையில் பட்டுக் கீழே விழுந்த பந்துகளையும் எண்ணுங்கள். கல்லூரித் தடுப்பாளர் நழுவவிடுவார். மேலே போனால் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள்.

படி 4: உடம்பு

இதைப் பற்றித்தான் உலகம் அதிகம் பேசுகிறது. சொல்லக் கொஞ்சம்தான் இருக்கிறது. ஒவ்வொரு பிப்ரவரி முடிவிலும் இண்டியானாபோலிஸில் நடக்கும் கம்பைன் என்ற உடற்தகுதிச் சோதனையில் உயரம், எடை, உள்ளங்கை அகலம், 40 யார்டு ஓட்டம் எல்லாம் அளப்பார்கள். டேவிட் பெர்ரி, ராப் சிம்மன்ஸ் இருவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு, இந்த அளவுகள் ஒருவர் டிராஃப்டில் எங்கே போவார் என்பதைப் பாதிக்கின்றன, களத்தில் எப்படி ஆடுவார் என்பதைப் பெரிதாகச் சொல்வதில்லை என்றது. ஆடும் வாய்ப்பே கிடைக்காமல் போன கீழ்ச்சுற்று ஆட்கள் அந்தக் கணக்கில் வராமல் போகிறார்கள் என்று அதற்கு மறுப்பும் உண்டு. அந்த மறுப்பு நியாயமானதே. ஆனாலும் அளவுகள்பற்றி அது சொன்னது என் கண்ணுக்குச் சரியாகவே படுகிறது. டாம் பிரேடி 40 யார்டை 5.28 விநாடியில் ஓடினார், 199ஆவது ஆளாகப் போனார். ஆறடியைத் தொடாத ரஸ்ஸல் வில்சன் மூன்றாம் சுற்றில் 75ஆவது. ஜோ பர்ரோவின் உள்ளங்கை 9 அங்குலம்தான் என்று 2020இல் ஒரு வாரம் முழுக்கப் பேசினார்கள்.

உடல் அளவுகளைத் தகுதி மதிப்பெண்ணாக மட்டும் கொள்ளுங்கள்: தொட்டால் போதும், தாண்டியதற்குக் கூடுதல் மதிப்பெண் கிடையாது. கை வலு அப்படித்தான். மேற்சொன்ன தூர ஓரப் பந்தை எறிய முடிகிறதா, முடிகிறதென்றால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். ஆண்டனி ரிச்சர்ட்சன் 2023 கம்பைனில் 4.43 விநாடியில் ஓடி, நாற்பதரை அங்குலம் தாவினார். அவ்வளவு பெரிய உடம்பில் அப்படியொரு குவார்ட்டர்பேக்கை யாரும் பார்த்ததில்லை. ஃபுளோரிடாவில் அவர் எறிந்ததில் 54 விழுக்காடு அளவுக்குத்தான் சேர்ந்தது. 2024இல் இண்டியானாபோலிஸில் அது 47.7 ஆனது.

அப்படியானால் ஆலன்? வயோமிங்கில் இரண்டு ஆண்டும் 56 விழுக்காடு. பஃபலோவில் முதல் ஆண்டு 52.8, அடுத்து 58.8, மூன்றாவது ஆண்டு 69.2. குறி இவ்வளவு திருந்துவது மிக அபூர்வம், அவர் ஒருவரைக் காட்டி ஆண்டுதோறும் ஒரு பையனை விற்கப் பார்க்கிறார்கள். ஆலன் விஷயத்தில் தோள், இடுப்பு, கால் மூன்றின் இயக்கத்தையும் உடைத்துத் திருத்தினார்கள். பிரையன் டேபோல் என்ற ஒரே கோஆர்டினேட்டர் (தாக்குதல் ஆட்டத்துக்குப் பொறுப்பான பயிற்சியாளர்) முதல் நான்கு ஆண்டும் கூட இருந்தார். 2020இல் ஸ்டெஃபான் டிக்ஸ் என்ற முதல்தர ரிசீவர் வந்தார். மூன்றும் சேர்ந்து கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்க முடிந்தால் தாராளமாக எடுக்கலாம்.

ஓடும் திறமையை நான் தள்ளவில்லை. ஜாக்சன், ஜேலன் ஹர்ட்ஸ், ஜேடன் டேனியல்ஸ் எல்லாம் கண்முன் இருக்கிறார்கள். எறிதலுக்கு மேல் வரும் போனஸாக அது இருக்க வேண்டும், எறிதலுக்கு மாற்றாக அல்ல. 2011இல் டிம் டீபோ டென்வரை ஓடியே பிளேஆஃப் வரை கொண்டுபோனார். பாஸ் வெற்றி 46.5 விழுக்காடு. அடுத்த ஆண்டு அவருக்கு அங்கே இடமில்லை.

படி 5: தலைக்குள் என்ன இருக்கிறது

அணிகள் இதற்காக அறையில் உட்காரவைத்து வெள்ளைப் பலகையில் ஆட்டம் வரையச் சொல்கின்றன. 12 நிமிடத்தில் 50 கேள்வி கேட்கும் வொண்டர்லிக் தேர்வு பல்லாண்டு கம்பைனில் இருந்தது, 2022இல் விட்டுவிட்டார்கள். 2023இல் இன்னொரு கணினித் தேர்வில் சி. ஜே. ஸ்ட்ரவுட் குறைந்த மதிப்பெண் எடுத்ததாகச் செய்தி கசிந்து, சிலர் அவரைக் கீழே இறக்கினார்கள். ஹூஸ்டனில் முதல் ஆண்டு 23 டச்டவுன், 5 இன்டர்செப்ஷன், சிறந்த புதுமுக ஆட்டக்காரர் விருது. ஒஹாயோ ஸ்டேட்டில் அவர் இரண்டு ஆண்டு பந்தெறிந்த படத்தைவிட நம்பகமான தேர்வு எது இருக்க முடியும்?

வெளியே இருந்து பார்க்கும் நமக்கு அந்த அறைக்குள் இடமில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரிந்த நிகழ்வுகளே நிறையச் சொல்லும். இடம் பறிபோனபோது என்ன செய்தார்? ஹர்ட்ஸ் 2018 ஜனவரியில் அலபாமாவுக்காக தேசிய இறுதியாட்டம் ஆடும்போது இடைவேளையில் நீக்கப்பட்டார். பதிலுக்கு வந்த டுவா டாங்கோவைலோவா ஆட்டத்தை ஜெயித்துக்கொடுத்தார். ஹர்ட்ஸ் கோபித்துக்கொண்டு போகவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் டுவா காயமடைந்தபோது உள்ளே வந்து கான்ஃபரன்ஸ் (வட்டார லீக்) பட்டத்தை மீட்டார். பிறகு ஒக்லஹோமா, இரண்டாம் சுற்றில் 53ஆவது தேர்வு, 2025 பிப்ரவரியில் என்எஃப்எல் இறுதிப்போட்டியான சூப்பர் பவுலின் எம்விபி. இரண்டு பருவங்களுக்கு இடையில் எதைத் திருத்திக்கொண்டு வந்தார் என்பதும் அதேபோலத்தான். பர்ரோ 2018இல் 57.8 விழுக்காடு, 16 டச்டவுன், 2019இல் 76.3 விழுக்காடு, 60 டச்டவுன். அந்தத் தாவலில் ஜஸ்டின் ஜெஃபர்சன், ஜமார் சேஸ் என்ற ரிசீவர்களும் உண்டு, புதிய பாஸ் திட்டமும் உண்டு. அவற்றைக் கழித்தபிறகும், ஐந்து ரிசீவர்களை அனுப்பிவிட்டுத் தன்னந்தனியாகப் பின்னால் நின்று தடுப்பை வாசித்த விதம் மிஞ்சியது.

படி 6: வயது

என்எஃப்எல் பயிற்சியாளர் பில் பார்செல்ஸ் குவார்ட்டர்பேக் எடுக்க வைத்திருந்த நிபந்தனைகள் பிரபலம்: இறுதியாண்டு மாணவராக இருக்க வேண்டும், பட்டம் வாங்கியிருக்க வேண்டும், மூன்று ஆண்டு தொடக்க ஆட்டக்காரர், 23 வெற்றி. அன்று அது நல்ல சல்லடை. இப்போது பெருந்தொற்றுக்காகத் தந்த கூடுதல் ஆண்டு, எளிதாகிவிட்ட கல்லூரி மாற்றம், 2021 முதல் மாணவர்களுக்குக் கிடைக்கும் விளம்பரப் பணம் எல்லாம் சேர்ந்து பையன்களைக் கல்லூரியிலேயே நிறுத்திவைக்கின்றன. போ நிக்ஸ் 61 ஆட்டம் தொடங்கியபின் 24 வயதில்தான் என்எஃப்எல்லுக்கு வந்தார். 24 வயதுக்காரர் 19 வயதுக்காரர்களுக்கு எதிராக ஆடிக் குவித்ததை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், 20, 21 வயதில் அவர் எப்படி ஆடினார் என்ற படத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அவ்வளவுதான்.

படி 7: எந்த வீட்டுக்குப் போகிறார்

டிராஃப்ட் இரவு முடியும்வரை உங்கள் கணிப்பு பாதிதான். ஜாரெட் காஃப் 2016இல் முதல் ஆளாக ராம்ஸுக்குப் போனார். அந்த ஆண்டு அவர் தொடங்கிய 7 ஆட்டமும் தோல்வி. 'தவறான தேர்வு' என்று எழுதிக் கட்டிவைத்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு ஷான் மெக்வே பயிற்சியாளராக வந்தார், 11 வெற்றி. அதற்கடுத்த சீசனில் சூப்பர் பவுல். ஆள் ஒருவர்தான். 2005இன் முதல் தேர்வான அலெக்ஸ் ஸ்மித்துக்கு சான் பிரான்சிஸ்கோவில் ஏறக்குறைய ஆண்டுக்கொரு கோஆர்டினேட்டர்; 2011இல் ஜிம் ஹார்பாக் வந்தபிறகுதான் 13 வெற்றி. டேவிட் கார் 2002இல் புத்தம்புது அணியான ஹூஸ்டனில் 76 முறை சாக் ஆனார், இன்றும் அது சாதனை. டார்னல்ட் ஜெட்ஸில் தடுமாறி, இன்னும் இரண்டு அணி தாண்டி, 2024இல் மினசோட்டாவில் 35 டச்டவுனும் 14 வெற்றியும் கண்டார். ரோசனுக்குக்கூட இதில் ஒரு வாதம் உண்டு: அவரை எடுத்த அரிசோனாவில் கோஆர்டினேட்டரைப் பருவத்தின் நடுவிலும் தலைமைப் பயிற்சியாளரைப் பருவம் முடிந்ததும் நீக்கினார்கள்.

ஆகவே கேட்க வேண்டியவை: தலைமைப் பயிற்சியாளரின் பதவி இன்னும் எத்தனை ஆண்டு பாதுகாப்பாக இருக்கும்? எந்த ஆட்டம் ஆடுவது என்று முடிவுசெய்து சொல்பவர் தலைமைப் பயிற்சியாளரேவா, அல்லது ஜெயித்தால் வேறு அணிக்குத் தலைமை ஏற்கப் போய்விடும் கோஆர்டினேட்டரா? லைனின் இரு ஓரத்தையும் காக்கும் டேக்கிள்கள் சரியாக இருக்கிறார்களா? பையன் கல்லூரியில் நன்றாகச் செய்ததை இந்த அணி செய்யுமா? ஜாக்சனுக்காக பால்டிமோர் தன் ஆட்டத்தையே திருத்தி எழுதியது. எல்லா அணிக்கும் அந்தத் துணிச்சல் வராது. பக்கத்தில் உட்காரவைத்துப் பழக்கும் பொறுமை இருக்கிறதா? மஹோம்ஸ் முதல் ஆண்டு முழுக்க அலெக்ஸ் ஸ்மித்துக்குப் பின்னால் உட்கார்ந்து, பருவத்தின் கடைசி ஆட்டம் ஒன்றை மட்டும் தொடங்கினார். ஜோர்டன் லவ் ஆரன் ராட்ஜர்ஸுக்குப் பின்னால் மூன்று ஆண்டு.

ஆனால் வீட்டைக் காட்டி எல்லாவற்றையும் மன்னித்துவிடவும் முடியாது. சான் பிரான்சிஸ்கோ 2021இல் மூன்று முதல் சுற்றுத் தேர்வுகளைக் கொடுத்து மேலே ஏறி ட்ரே லான்ஸை எடுத்தது. கல்லூரியில் மொத்தமே 318 பாஸ் எறிந்தவர். காயமும் சேர்ந்துகொள்ள அங்கே அவர் தொடங்கியது 4 ஆட்டம். அதே பயிற்சியாளர், அதே ரிசீவர்களோடு, 2022இன் கடைசித் தேர்வான 262ஆவது ஆள் ப்ராக் பர்டி, சூப்பர் பவுல்வரை போனார். பர்டி அயோவா ஸ்டேட்டில் நான்கு ஆண்டு ஆடித் தேய்ந்தவர்.

படி 8: எழுதிவையுங்கள், அவசரப்பட்டுத் திருத்தாதீர்கள்

'தேறுவார்', 'தேறமாட்டார்' என்று எழுதாதீர்கள். எந்த நிலைமை அமைந்தால் தேறுவார், எது அவரைக் கவிழ்க்கும் என்று நான்கு வரி எழுதித் தேதி போட்டுவையுங்கள். 'முதல் ஆள் அடைபட்டால் ஓடுகிறார். பொறுமையான பயிற்சியாளர் வாய்த்தால் இரண்டாம் ஆண்டில் சரியாகலாம். லைன் மோசமென்றால் 50 சாக்' என்பதுபோல. பிறகு சரிபார்க்க வசதியாக இருக்கும்.

முதல் ஆண்டு எண்களைப் பார்த்துத் தீர்ப்பைத் திருப்பாதீர்கள். 1998இல் பேட்டன் மேனிங் முதல் ஆண்டிலேயே 28 இன்டர்செப்ஷன் எறிந்தார். புதுமுகங்களில் அது சாதனை. அதே டிராஃப்டில் அடுத்த ஆளாகப் போன ரயன் லீஃப் 2 டச்டவுன், 15 இன்டர்செப்ஷன். இருவர் அணியும் தோற்றுக்கொண்டிருந்தன. மேனிங்கின் தவறுகளோடு 26 டச்டவுனும் இருந்தன, பந்து சரியான ஆளைத் தேடிப் போய்க்கொண்டிருந்தது. ஆகவே முதல் ஆண்டில் எண்ணுக்குப் பதில், படி 3இல் பார்த்த கண்ணையும் காலையும் மறுபடி பாருங்கள்.

கணக்குத் தீர்க்க நல்ல நாள் மூன்றாவது சீசன் முடிந்து வரும் மே மாதத் தொடக்கம். முதல் சுற்றில் எடுத்த வீரருக்கு ஐந்தாம் ஆண்டு ஒப்பந்தம் தருவதா வேண்டாமா என்று அணிகள் முடிவு சொல்லியாக வேண்டிய கெடு அது. அந்தப் பணம் இப்போது முழு உத்தரவாதத்தோடு வருவதால் யாரும் மரியாதைக்காக நீட்டிப்பதில்லை. 2021 முதல் சுற்றில் போன ஐந்து குவார்ட்டர்பேக்குகளில், டிரெவர் லாரன்ஸ் ஒருவருக்குத்தான் 2024 மே கெடுவுக்குள் அது கிடைத்தது. வில்சன், லான்ஸ், ஜஸ்டின் ஃபீல்ட்ஸ், மாக் ஜோன்ஸ் நால்வரும் அதற்குள் முதல் அணியைவிட்டே போயிருந்தார்கள். உங்கள் நான்கு வரிகளை அன்று எடுத்துப் படித்து, எந்தப் படியில் கழிக்காமல் விட்டீர்கள் என்று பாருங்கள். அடுத்த டிராஃப்டுக்கு அந்தப் படியிலிருந்து தொடங்கலாம்.